கூரையைப் பிய்த்துப் பார்த்தால்...

'கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும்' என்பார்கள். கேட்டிருப்பீர்கள். ஏன் கூரை? தெய்வம் ஒழுங்காகக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா?

விஷயம் ரொம்ப எளிது. இந்தப் பழமொழியை முதலில் சொன்ன புண்ணியவான் ஓலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே பிய்க்கக்கூடிய பொருள் ஒன்று இருந்தது. இன்றைக்கு நம் அபார்ட்மென்ட்டுக்கு வர வேண்டுமானால் தெய்வம் டிரில்லிங் மெஷினோடுதான் வரவேண்டும்!

'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்' என்பதும் அதே வீட்டில் பிறந்த பழமொழிதான். கோழி தாவி ஏறுகிற உயரம், ஆள் எட்டிப் பிடிக்கிற உயரம். அவ்வளவுதான் அந்த வீடு. நம் பேச்சுக்குள் இவ்வளவு தூரம் புகுந்துவிட்ட அந்த வீட்டை நேரில் பார்க்க, இப்போது தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் போகிற சந்தர்ப்பம் கிடைத்தால் மலைக்கோட்டை மேல் ஏறிப் பாருங்கள். (ஏறி இறங்கிவிட்டுப் பிரியாணி சாப்பிடுவது உத்தமம். மாற்றிச் செய்தால் மூச்சு வாங்கும்.) 1605-ல் மதுரை நாயக்கர்களில் ஒருவரான முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். 1755-ல் மைசூர் அரசு ஹைதர் அலியை இங்கே ஃபவுஜ்தாராக அனுப்பியது. பிற்காலத்தில் மைசூரையே ஆளப்போகும் மனிதருக்கு நிர்வாகப் பயிற்சி கொடுத்த ஊர் என்று திண்டுக்கல் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். 1790-ல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை கோட்டையைப் பிடித்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் திண்டுக்கல்லை முறைப்படி ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார். இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு கல்லை நகர்த்தினாலும் கேஸ்!

சந்தோஷம். ஆனால், இந்தக் கல்லை எல்லாம் மலை மேலே சுமந்து ஏற்றியவர்கள் சாயங்காலம் இறங்கி எங்கே போனார்கள்? அவர்கள் வீடு எப்படி இருந்தது? அதற்கு எந்தத் துறையும் போர்டு வைக்கவில்லை. அந்த வீட்டைத்தான் இந்த வாரம் நாம் பார்க்கப் போகிறோம்.

குனிந்து வாருங்கள், தலை இடிக்கும்.

முதலில் சுவர். திண்டுக்கல் சமவெளியில் வீடு கட்டப் பணம் வேண்டாம், மண் வேண்டும். ஊர்ப் பக்கத்திலேயே தோண்டிய மண்ணில் தண்ணீர் ஊற்றி, வைக்கோலோ பதரோ போட்டு, காலால் மிதித்துக் குழைப்பார்கள். குழைத்ததை உடனே எடுத்துக் கட்ட மாட்டார்கள். தோசை மாவு மாதிரி புளிக்க விடுவார்கள். பிறகு அந்த மண்ணை உருண்டை உருண்டையாக எடுத்து, முழ உயரத்துக்கு ஒரு வரிசை வைப்பார்கள். அது காய வேண்டும். காய்ந்த பிறகுதான் அதற்கு மேல் அடுத்த வரிசை. அவசரப்பட்டால் ஈரச் சுவர் உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு சுவர் எழும்புவதற்குள் நாட்கள் ஓடிவிடும். ஒன்றரை அடி கனத்தில் நிற்கிற அந்தச் சுவர், பகல் வெயிலை உள்ளே விடாமல் வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரியில் மெதுவாக வெளியே விடும்.

மண்சுவருக்கு ஒரே ஒரு எதிரி... தண்ணீர். அந்த எதிரியைச் சமாளிக்கத்தான் கூரை. நடுவில் கவட்டைக் கம்பு நட்டு, அதன் மேல் முகட்டு மரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் சரிகிற கைமரங்கள். பனஞ்சட்டமோ மூங்கிலோ, கிடைத்தது எதுவோ அது. குறுக்கே வரிச்சுகள். எல்லாவற்றையும் கட்டுவது நாரும் கயிறும்தான், ஆணி கிடையாது. அதனால் பலத்த காற்று அடித்தால் கூரை முரண்டு பிடிக்காமல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சரிவு செங்குத்தாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விழுந்த மழைத்துளி ஓலைக்குள் ஊறுவதற்கு முன்னால் வழுக்கிக் கீழே போய்விட வேண்டும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி அவ்வளவு தாழ்வாக இறங்கியிருப்பது, சாரல் சுவரைத் தொடக்கூடாது என்பதற்காக. உங்களைக் குனிய வைத்தது வறுமை மட்டுமல்ல, வடகிழக்குப் பருவமழையும்தான்!

சுவருக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே கிடைத்த நிழல்தான் திண்ணை. அதுவே அடிச்சுவருக்கு அண்டைக் கட்டாகவும் நின்றது. உள்ளே அடுப்புப் புகைக்குத் தனி வழி கிடையாது. ஓலை இடுக்கு வழியாகவே கசிந்து வெளியேறும். கண் எரியும், இருமல் வரும். ஆனால் அந்தப் புகையால்தான் ஓலையில் பூச்சி அண்டாமல் இருந்தது.

எதை வேய்வது? அதை ஊர்க்காரர் தீர்மானிக்கவில்லை, நிலம் தீர்மானித்தது. தென்னை நிறைந்த பக்கங்களில் கீற்று. வேடசந்தூர், குஜிலியம்பாறை மாதிரி வானம் பார்த்த பூமியில் பனை ஓலையும் தட்டையும். தட்டையிலும் கணக்கு உண்டு. சோளத்தட்டையை மாடு விரும்பித் தின்னும். கம்பந்தட்டையை அவ்வளவாகச் சீண்டாது. ஆகவே சோளத்தட்டை மாட்டுக்கு, கம்பந்தட்டை கூரைக்கு. மாட்டின் நாக்கு எழுதிய பட்ஜெட்!

இந்த வழக்கத்துக்கு வயது என்ன தெரியுமா? பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. வழிநெடுக நிலம் மாற மாற, கூரையும் மாறுகிறது. வறண்ட நிலத்து எயினர் குடிசைக்கு ஈந்தின் இலை. அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் முள்ளம்பன்றியின் முதுகு மாதிரி இருந்ததாம். முல்லை நிலத்து வீட்டுக்கு வரகு வைக்கோல். மீன் பிடிக்கிறவர் குடிசைக்குத் தருப்பைப் புல். பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே ஒரு புலவர் கூரையைப் பார்த்து மண்ணைச் சொல்லியிருக்கிறார்.

அதே காலத்தில் ஓடு இல்லாமல் இல்லை. கீழடியில் தோண்டியபோது கூரை ஓடுகள் கிடைத்தன. ஓடு வசதியானவர்களுக்கு, ஓலை மற்றவர்களுக்கு. இந்தப் பிரிவினை இருபதாம் நூற்றாண்டு வரை தாராளமாக ஓடிவந்திருக்கிறது.

இப்போது ஒரு தாவு தாவி இங்கிலாந்து போய்வருவோம். காரணம் இருக்கிறது. திண்டுக்கல் என்றால் பூட்டு, அதற்கு அடுத்து புகையிலை, சுருட்டு. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. இங்கிலாந்து சீமான்களுக்குப் புகையிலையை ஃபேஷனாக்கியவர் என்று பெயர் வாங்கியவர் சர் வால்டர் ராலே. முதலாம் எலிசபெத் ராணிக்கு மிகவும் வேண்டியவர். அவர் பிறந்த வீடு, தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில், ஈஸ்ட் பட்லி என்ற கிராமத்தருகே இன்னும் நிற்கிறது. பெயர் ஹேய்ஸ் பார்ட்டன்.

அது அரண்மனை அல்ல. மண்சுவர் வைத்த கூரை வீடு!

டெவனில் அந்த மண்சுவருக்கு 'காப்' என்று பெயர். செய்முறை கேளுங்கள். மண், தண்ணீர், வைக்கோல். காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். ஒரு வரிசை வைத்துக் காயவிட்டு, அடுத்த வரிசை. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? அந்த ஊரில் ஒரு சொலவடைகூட உண்டு. மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் போதும், காலத்துக்கும் நிற்கும் என்று. தொப்பி கூரை, பூட்ஸ் கல் அஸ்திவாரம். நம் கொத்தனாரும் அவர்கள் கொத்தனாரும் சந்தித்துக்கொண்டதே இல்லை. ஆனால் மண்ணும் மழையும் இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருக்கின்றன.

1584-ல் ராலே பெரிய ஆள் ஆன பிறகு, தான் பிறந்த அந்த வீட்டை விலைக்குக் கேட்டார். வீட்டுச் சொந்தக்காரரான டியூக் குடும்பம் கொடுக்கவில்லை. ராணியின் செல்லப்பிள்ளைக்கே கிடைக்காத கூரை வீடு!

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய புள்ளி ஒன்று இருக்கிறது. ராலேயின் அப்பா அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை, குத்தகைக்காரர். ஆனால் அது நீண்ட காலக் குத்தகை. நாளைக்கே காலி பண்ணு என்று யாரும் சொல்ல முடியாது. டபிள்யூ.ஜி.ஹோஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், 1570-லிருந்து 1640 வரை இங்கிலாந்துக் கிராமங்களில் வீடுகள் மளமளவென்று புதுப்பித்துக் கட்டப்பட்டதைச் சொன்னார். காரணம், தானிய விலை ஏறியது. பழைய வாடகை ஏறவில்லை. நிலத்தில் நிலையான உரிமை இருந்த நடுத்தர விவசாயி கையில் காசு தங்கியது. அவன் ஓக் மரத்தில் சட்டம் போட்டான், புகைபோக்கி கட்டினான், மாடி எடுத்தான். கூரை மட்டும் அதே வைக்கோல், அடி கனத்துக்குமேல். இன்று போஸ்ட்கார்டில் நாம் பார்த்து உருகுவது அவன் வீட்டைத்தான். அதே கிராமத்துக் கூலிக்காரனின் மண்குடிசை அங்கேயும் தப்பவில்லை. மழையில் கரைந்து போனது.

பி.காம். பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு உண்டு. ஒரே தடவை பெரிதாகப் போட்டு, பல வருஷம் பலன் எடுத்தால் அது மூலதனச் செலவு. வருஷா வருஷம் கையை விட்டுப் போவது வருவாய்ச் செலவு. தென்னங்கீற்று ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் தாங்கும். கணக்குப் போட்டால் நீண்ட நாளில் ஓடுதான் மலிவு. பிறகு ஏன் ஏழை ஓடு போடவில்லை? புத்தியில்லாமலா?

இல்லை. அவன் வீட்டுக்குக் கீழே இருந்த தரை அவனுடையது இல்லை. பண்ணையாரின் நிலத்தில் ஒரு மூலையில், அவர் தயவில் கட்டிய குடிசை. ஒருநாள் கூலி பற்றி வாய் திறந்தால் மறுநாள் இடம் போய்விடும். அடுத்தவர் நிலத்தில் யாராவது தேக்கில் நிலை வைப்பார்களா? ஓட்டுக்குக் கடன் வாங்குவார்களா? எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய, விட்டுவிட்டும் போகக்கூடிய வீடுதான் அவனுக்குக் கட்டுப்படி ஆனது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனைக்கு அவனையே சொந்தக்காரன் ஆக்குகிற குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-ல்தான். ராலே வீட்டுக் குத்தகைக்கும் நம் சட்டத்துக்கும் இடையே நானூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி!

பணம் இருந்தாலும் போதாத காலமும் இருந்தது. பழைய திருவிதாங்கூரில் நாடார்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்று தடையே இருந்தது. வீட்டின் உயரத்தைச் சாதி அளந்தது.

ஆக, கூரையின் கதை கூரையில் இல்லை சார், தரையில் இருக்கிறது. காலுக்குக் கீழே உரிமை இருந்தவன் வீடு நினைவுச்சின்னம் ஆனது. இல்லாதவன் வீடு எருக்குழிக்குப் போனது.

எருக்குழிக்கு மட்டுமல்ல, சில சமயம் மாட்டின் வயிற்றுக்கும் போனது. 1876-லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப் போட்ட தாது வருஷப் பஞ்சத்தில், தீவனம் தீர்ந்த பிறகு ஜனங்கள் கூரை வைக்கோலைப் பிடுங்கி மாடுகளுக்குப் போட்டார்கள். அப்போது பிய்த்தது தெய்வம் அல்ல, வீட்டுக்காரனே.

கூரை வீட்டைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த இரண்டு தேதிகளையும் படித்துவிட வேண்டும். 1968 டிசம்பர் 25. தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர். 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறைக் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். ஓலை எரிந்து தலையில் விழுகிற வேகத்துக்கு முன்னால் பெரியவர்களே ஓட முடியாது. பச்சைப் பிள்ளைகள் எங்கே ஓடும்?

லண்டன் இந்தப் பாடத்தை ரொம்ப சீக்கிரமே கற்றுக்கொண்டது. 1212-ல் பெரிய தீ ஒன்று ஊரை விழுங்கியதும், இனிமேல் வைக்கோல், நாணல் கூரை கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஷேக்ஸ்பியரின் குளோப் தியேட்டருக்குப் புல்கூரை. 1613-ல் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் எஃபெக்ட்டுக்காக பீரங்கி வெடித்தார்கள். பொறி கூரையில் விழுந்தது, தியேட்டர் காலி. ஒருவர் கால்சட்டையில் தீப்பிடிக்க, கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம்! 1666-ல் லண்டன் மாநகரமே எரிந்தது. அதற்குப் பிறகு லண்டனில் புதிதாக ஒரு புல்கூரை ஏறியது, அதே குளோப் தியேட்டரைத் திரும்பக் கட்டி 1997-ல் திறந்தபோதுதான். அதுவும் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களோடு.

கிராமங்களில் கதை வேறு. அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புல்கூரை என்றால் ஏழை வீடு என்றுதான் அர்த்தம். ரயிலில் மலிவாக வந்து இறங்கிய வேல்ஸ் நாட்டுக் கற்பலகை, கூரைகளை மாற்றியது. பிறகுதான் நகரத்துப் பணக்காரர்களுக்கு ஆசை வந்தது. சட்டப் பாதுகாப்பு வந்தது. இன்று இங்கிலாந்தில் 50,000-க்கும் மேற்பட்ட கூரை வீடுகள் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் ஜாஸ்தி, கூரை வேய்கிறவர் கூலி அதைவிட ஜாஸ்தி. ஆனாலும் ஆள் வரிசையில் நிற்கிறான்.

இங்கே? மூன்று மார்ச் மாதங்களுக்கு ஒரு திட்டம் என்று சொல்லாவிட்டாலும், ஆட்சிக்கு ஒரு திட்டம் வந்திருக்கிறது. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவதாகக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-ல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளி விளக்கோடு பசுமை வீடுகள். 2024-ல் கலைஞரின் கனவு இல்லம், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிப்பு. நல்ல காரியம். இதைக் குறை சொல்ல, மழை ராத்திரியில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து வைத்து எடுத்தவருக்கு மட்டும்தான் உரிமை உண்டு. அவர் குறை சொல்ல மாட்டார்.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்கலாம். ஒன்று, வெயில். சித்திரை மாதம் திண்டுக்கல் பக்கம் கிராமங்களில் போய்ப் பாருங்கள். புது கான்கிரீட் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, மத்தியானம் வயசானவர்கள் அதில்தான் படுத்திருப்பார்கள். கூரையின் ஆபத்து வேண்டாம், சரி. கனமான மண்சுவர், தாழ்ந்த நிழல், திண்ணை... இவை என்ன பாவம் செய்தன? ஓலையோடு சேர்த்து அவற்றையும் ஏன் தூக்கி எறிந்தோம்? இதே கூரையை நெடுஞ்சாலை ஓட்டலிலும் மலை ரிசார்ட்டிலும் போட்டு, நம்மிடமே காசு வாங்குகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஞாபகம். டெவனில் கூரை மாற்றும்போது அடி அடுக்கைப் பிரிக்க மாட்டார்கள், அதன் மேலேயே புதிதாக வேய்வார்கள். அதனால் சில வீடுகளில் அடியில், புகைபோக்கி வருவதற்கு முந்தைய காலத்துப் புகை படிந்து கறுத்த, 500 வருஷத்துக்கும் மேற்பட்ட வைக்கோல் அப்படியே இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்து, அந்தக் காலத்தில் என்ன கோதுமை, என்ன ரை வகை விளைந்தது என்று படிக்கிறார்கள். கூரையே விதை மியூசியம்! நம் கூரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மக்கிப் போனதால், நமக்கு அந்த மியூசியம் வாய்க்கவில்லை. நமக்கு இருந்த ஒரே மியூசியம், கூரை வேய்கிற மனிதரின் கைதான்.

சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், பல ஊர் வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஆந்திரக் கடலோரத்தின் வட்டமான கூரை வீடும் அங்கே இருக்கிறது. புயல் காற்று முட்டாமல் வழுக்கிப் போவதற்காக அந்த வட்டம். நம் மாவட்டங்களில் அப்படி வட்டாரத்துக்கு ஒரு வீட்டையாவது பதிவு செய்து வைக்கலாம். யாரையும் குடிசையிலேயே இருங்கள், நாங்கள் போட்டோ எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. அது அநியாயம். அவர்கள் கான்கிரீட் வீட்டுக்குப் போகட்டும், பட்டாவோடு போகட்டும்.

அதற்கு முன்னால் ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு மத்தியானம் போதும். உங்கள் சொந்த ஊரில் ஒரு கூரை வீடு பாக்கி இருந்தால், அடுத்த தடவை போகும்போது அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவர் எவ்வளவு கனம், சரிவு எவ்வளவு, கைமரம் எத்தனை, எந்த முடிச்சு. வேய்ந்த பெரியவர் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன பேர் சொல்கிறார் என்று கேளுங்கள். கோட்டைக்குக் காவலாளி இருக்கிறார். இதற்கு நீங்கள்தான்.